கேட்டுவிட்டுத் தோண்டுங்கள், எடிசன் சார்!

தோலைக் கிழிக்காமல், தரையைத் தோண்டாமல் உள்ளே கிடக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஊரெல்லாம் பேர் வாங்கியது ஒரு ஜனாதிபதியின் படுக்கையில்தான். பேர் என்றால், கெட்ட பேர்.

1881 ஜூலை 2. அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்ட் வாஷிங்டனில் ரயில் பிடிக்கப் போனார். தனக்கு பாரிஸில் ஒரு தூதரக வேலை போட்டுத் தரவில்லை என்ற கோபத்தில் கீட்டோ என்ற ஆசாமி பின்னாலிருந்து இரண்டு முறை சுட்டான். ஒரு குண்டு கையை உரசிக்கொண்டு போனது. இன்னொன்று முதுகில் நுழைந்து உள்ளே 'எங்கேயோ' தங்கிவிட்டது. அந்த 'எங்கேயோ'தான் நம் கட்டுரையின் ஹீரோ.

சிகிச்சைக்குப் பொறுப்பேற்றவர் பெயர் டாக்டர் டாக்டர் பிளிஸ். அச்சுப்பிழை இல்லை. பிறந்தபோதே பெற்றோர் ஆசையாக 'டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். படித்துப் பாஸானதும் இன்னொன்று முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு டாக்டர் பட்டம் இருந்தும் மனிதர் கையைக் கழுவவில்லை. கிருமி, கிருமி என்று ஐரோப்பாவில் லிஸ்டர் என்ற சர்ஜன் கத்திக்கொண்டிருந்ததை அமெரிக்காவில் பல பெரிய டாக்டர்கள் ஏதோ ஃபேஷன் என்று நினைத்த காலம். கழுவாத விரலாலும் கம்பியாலும் காயத்துக்குள் குண்டைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. ஆனால் பிளிஸ் மட்டும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்: குண்டு வலது பக்கம்தான். ஏன் என்று ஜனாதிபதியே கேட்க முடியாது!

இந்த இடத்தில் என்ட்ரி கொடுக்கிறார் அலெக்சாண்டர் கிரகாம் பெல். வயது 34, டெலிபோனுக்கு வயது ஐந்து. பக்கத்துத் தந்திக் கம்பியின் இரைச்சல் டெலிபோன் லைனுக்குள் புகுந்து தொல்லை கொடுக்கிறதே என்று அவர் ஏற்கெனவே கம்பிச் சுருள்களை வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு சுருள்களைச் சரியான நிலையில் பொருத்தினால் ரிசீவரில் நிசப்தம். பக்கத்தில் ஒரு உலோகத்துண்டு வந்தால் சமநிலை கலைந்து சத்தம் வரும். அப்புறம் என்ன, குண்டு 'ஹலோ' சொல்லிவிடுமே என்று கிளம்பிவிட்டார். உள்நாட்டுப் போரில் வாங்கிய குண்டை உடம்பிலேயே வைத்துக்கொண்டு திரிந்த பழைய சிப்பாய்கள்மேல் சோதித்துப் பார்த்தார். வேலை செய்தது. பாவம், அவர்கள் யாரும் ஜனாதிபதி இல்லை.

ஜூலை 26, வெள்ளை மாளிகை. பெல் ரிசீவரைக் காதில் வைத்தார். கரகரவென்று ஒரே இரைச்சல். அவசரத்தில் ஒயரைத் தப்பாக மாட்டியிருந்தார். டெலிபோனைக் கண்டுபிடித்தவருக்கே கனெக்‌ஷன் சரியில்லை என்றால் நம் வீட்டு பிராட்பேண்ட்காரரை என்ன சொல்வது?

ஆகஸ்ட் 1, இரண்டாவது முயற்சி. இந்தத் தடவை ஒயர் சரி. சத்தமும் வந்தது. ஆனால் எங்கே வைத்தாலும் வந்தது! குண்டு ஒன்றா, ஜனாதிபதியே குண்டா என்று புரியவில்லை. பெல் பின்னால் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது: குதிரைமுடி மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பிகளால் செய்த இன்னொரு மெத்தை. அந்தக் காலத்துப் புது சொகுசு. லேட்டஸ்ட் கருவியை லேட்டஸ்ட் மெத்தை தோற்கடித்துவிட்டது.

அதைவிடப் பெரிய கூத்து, பிளிஸ் பெல்லுக்குப் போட்ட நிபந்தனை. வலது பக்கம் மட்டும்தான் தேடலாம். இடது பக்கம் பக்கமே போகக்கூடாது. வலது பக்கம் லேசாகச் சத்தம் கேட்டதும், பார்த்தீர்களா, நான்தான் அப்பவே சொன்னேனே என்று பிளிஸ் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். செப்டம்பர் 19-ஆம் தேதி கார்ஃபீல்ட் இறந்துபோனார். அறுத்துப் பார்த்தால் குண்டு சாதுவாக இடது பக்கம் உட்கார்ந்திருந்தது. நான் சுட்டேன், கொன்றது டாக்டர்கள்தான் என்று கீட்டோ கோர்ட்டில் வாதாடினான். தூக்கில் போட்டுவிட்டார்கள். ஆனால் பாயின்ட் என்னவோ பாயின்ட்தான்.

தெருவைத் தோண்டும் கட்டுரையில் ஜனாதிபதியின் முதுகு எதற்கு என்று கேட்பீர்கள். இன்றைக்குத் தெருவில் கேபிள் தேடுகிற ஆட்கள் கையில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு ரோட்டைக் கூட்டுவதுபோல நடக்கிறார்களே, அதன் தாத்தா பெல்லின் கருவிதான். பேரனுக்கும் அதே வியாதி. காங்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி வலை இருந்தால் எங்கே வைத்தாலும் கத்தும். டாக்டர் பிளிஸ்களும் அப்படியே இருக்கிறார்கள். "லைன் அந்தப் பக்கம்தான் போகுது, எனக்குத் தெரியும், நீ வெட்டு" என்பார்கள். டாக்டர் பட்டம் மட்டும்தான் இல்லை.

சரி, தேடுகிற அளவுக்குத் தரைக்குள் இவ்வளவையும் புதைத்த புண்ணியவான்கள் யார்? முதலில் ஃபிரெடரிக் வின்சர். ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்தவர். நிலக்கரி காஸை வைத்து நாட்டுக்கே விளக்கேற்றுவேன் என்றார். கம்பெனியில் ஐந்து பவுண்ட் போட்டால் வருஷத்துக்கு 570 பவுண்ட் வரும் என்று விளம்பரம் செய்தார். நாம் ஈமு கோழி பார்த்தவர்கள். நமக்கு இதெல்லாம் புதுசா?

ஆனால் ஒரு வித்தியாசம். வின்சர் நிஜமாகவே விளக்கேற்றிவிட்டார். 1807-இல் லண்டன் பால் மால் தெருவில் காஸ் விளக்கு எரிந்தது. இளவரசர் பார்த்தார், ஊர் பார்த்தது, எல்லாரும் தலையை உயர்த்தி விளக்கையே பார்த்தார்கள். கீழே குழாய் எந்த வழியாகப் போகிறது என்று குனிந்து பார்த்துக் குறித்துவைத்தவர் இருந்தாரா என்று சரித்திரம் மூச்சுவிடவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது அடிதடி. ஒரு காஸ் கம்பெனி நாலு ஆனது, நாலு பத்துக்குமேல் ஆனது. ஒரே தெருவில் போட்டி போட்டுக்கொண்டு ஆளுக்கொரு குழாய். நெப்போலியன் சண்டையில் மிச்சமான துப்பாக்கிக் குழல்களைக்கூட ஒன்றோடொன்று திருகிக் காஸ் பைப்பாக்கினார்கள். வாட்டர்லூவில் உயிரோடு தப்பித்தவன் வீட்டுக்கு வந்தால் தலைமாட்டில் அதே துப்பாக்கி, இந்தத் தடவை காஸோடு!

இந்தக் கூத்தை நிறுத்த 1860-இல் சட்டம் போட்டு, இந்தப் பேட்டை உனக்கு, அந்தப் பேட்டை எனக்கு என்று பிரித்துக்கொடுத்தார்கள். கம்பெனிகள் பிரிந்தன. குழாய்கள் பிரியுமா? அவை போட்ட இடத்திலேயே கிடந்தன.

இதற்கிடையில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1861-இல் லண்டன் காரிக் தெருவுக்கு அடியில் ஆள் நிமிர்ந்து நடக்கிற மாதிரி ஒரு சுரங்கம் கட்டினார்கள். எல்லாக் குழாயும் இதற்குள் போகட்டும், ரிப்பேர் என்றால் உள்ளே இறங்கிப் பாருங்கள், ரோட்டைத் தொடாதீர்கள் என்று ஏற்பாடு. அருமையான யோசனை அல்லவா? காஸ் கம்பெனிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. கடைசியில் 1868-இல் அதற்கும் ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. ரோட்டைத் தோண்டாதே என்று சொன்னால் மனுஷனுக்கு எவ்வளவு கோபம் வருகிறது பாருங்கள்.

அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க்குக்கு வாருங்கள். அங்கே தாமஸ் ஆல்வா எடிசன், நீடித்து எரியும் பல்பை உருவாக்கிவிட்டு மின்சாரத்தை மண்ணுக்கடியில் கொண்டுபோவேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார். தெருவைத் தோண்ட நகரசபை அனுமதி வேண்டும். 1880 டிசம்பரில் கவுன்சிலர்களை மென்லோ பார்க்கிலிருந்த தன் ஆராய்ச்சிக் கூடத்துக்கு அழைத்தார். முதலில் பல்பைக் காட்டினார். முகங்களில் பிரகாசம் இல்லை. பிறகு டெல்மோனிக்கோஸ் என்ற பெரிய ஹோட்டலிலிருந்து தருவித்த விருந்தையும் ஷாம்பெயினையும் காட்டினார். அதற்கப்புறம்தான் விஞ்ஞானம் புரிய ஆரம்பித்தது.

பள்ளம் தோண்ட ஆரம்பித்ததும் பொதுப்பணித்துறை கமிஷனரிடமிருந்து அழைப்பு. எடிசன் போனார். உங்கள் வேலையைக் கண்காணிக்க ஐந்து இன்ஸ்பெக்டர்கள் போடுகிறோம், தலைக்கு நாளொன்றுக்கு ஐந்து டாலர், வாரக்கடைசியில் நீங்கள்தான் தரவேண்டும், போய்வாருங்கள் என்று கமிஷனர் முடித்துக்கொண்டார். எடிசனுக்கு வயிற்றைக் கலக்கியது. ராத்திரி பகலாக ஓடுகிற வேலை. இவர்கள் ஐந்து பேரும் வந்து நின்றுகொண்டு அது நொட்டை, இது நொள்ளை என்றால் என்ன ஆவது? பயந்துபோய்க் காத்திருந்தார்.

இன்ஸ்பெக்டர்கள் வந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம். சம்பளம் வாங்க! மற்ற நாட்களில் எடிசன் அவர்களைப் பார்க்கவே இல்லையாம். அவரே பிற்பாடு சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது. நம் ஊர் மேஸ்திரி யாராவது இதைப் படித்தால், நியூயார்க் எந்த ஜில்லாவில் இருக்கிறது என்று கேட்பார்.

1882 செப்டம்பர் 4-ஆம் தேதி பேர்ல் தெரு மின்நிலையம் ஓட ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் போலீஸ்காரர் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். ஆன் தெருவும் நாஸோ தெருவும் சேருகிற முனைக்கு உடனே ஆளை அனுப்புங்கள். எடிசனே போனார். திருவிழாக் கூட்டம். தரைக்கடியில் ஒரு ஜங்ஷன் பாக்ஸில் கசிவு. மேல்மண்ணில் கரன்ட் ஓடிக்கொண்டிருந்தது. லாடம் அடித்த குதிரை அந்த இடத்தில் கால் வைத்தால் முடிந்தது கதை.

எடிசன் கண்ணெதிரில் ஒரு கந்தைத்துணி வியாபாரி வந்தார். வண்டியை இழுத்துவந்தது எலும்பும் தோலுமாக ஒரு கிழட்டுக் குதிரை. கூட்டத்திலிருந்த ஒரு பொடியன், "அந்தப் பக்கமாப் போங்க" என்று கரன்ட் இருக்கிற பக்கத்தையே கை காட்டினான். நல்ல பிள்ளை! குதிரை அங்கே குளம்பை வைத்ததும் அப்படியே பின்னங்காலில் எழுந்து ஆகாயத்தைப் பார்த்தது. கூட்டம் கத்த, போலீஸ்காரர் கத்த, குதிரை பிய்த்துக்கொண்டு ஓடியது. அந்த வயதில் தனக்கு இவ்வளவு வேகம் உண்டு என்று அதற்கே தெரிந்திருக்காது.

மறுநாள் எடிசனைத் தேடி ஒருவர் வந்தார். நஷ்டஈடு கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தால், அவர் கேட்டது வேறு. குதிரை விற்கிற இடத்தில் இதே மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணித்தர முடியுமா? கிழட்டுக் குதிரைகளையெல்லாம் ரேஸ் குதிரை மாதிரி குதிக்கவைத்து விற்றுவிடலாமே! ஸ்டார்ட்அப் என்ற வார்த்தை பிரபலமாவதற்குப் பல வருஷத்துக்கு முன்னாலேயே பிறந்துவிட்ட மேதை.

புதைத்தவர்கள் கதை இப்படி என்றால், தேடுகிறவர்களும் சும்மா இல்லை. அவர்கள் கதை இன்னும் பழசு. 1692-இல் பிரான்ஸில் ழாக் அய்மார் என்ற குடியானவர் கவட்டைக் குச்சியோடு கிளம்பினார். நிலத்தடி நீர் பார்க்கும் குச்சி. லியோன் நகரில் ஒரு ஒயின் வியாபாரியும் மனைவியும் கொலையாகிக் கிடக்க, குச்சி காட்டிய வழியே போய் பொகேர் ஊரின் சிறையில் ஒரு கூனனைப் பிடித்துக்கொடுத்தார். அவனும் ஒப்புக்கொண்டான். பிரான்ஸே வாயைப் பிளந்தது. கோந்தே இளவரசர் அவரை பாரிஸுக்கு வரவழைத்து, தோட்டத்தில் குழிகள் வெட்டி, தங்கம் ஒன்றில், வெள்ளி ஒன்றில் என்று புதைத்து, "எங்கே, கண்டுபிடி" என்றார். குச்சி அசடு வழிந்தது. பாரிஸ் மண் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை போல.

சிரிக்காதீர்கள். உள்ளங்கையில் தேங்காய் நட்டுக்கொண்டு நிற்கும் இடத்தில்தான் போர் போட்டோம் நாம். அதையும் விடுங்கள். 2017-இல் சாலி லு பேஜ் என்ற உயிரியல் ஆராய்ச்சியாளர், பிரிட்டனின் குடிநீர் கம்பெனிகளிடம் ஒரு கேள்வி கேட்டார்: உங்கள் ஆட்கள் இன்னும் குச்சி வைத்துக் குழாய் தேடுகிறார்களாமே, உண்மையா? பன்னிரண்டு கம்பெனிகளில் பத்து, ஆமாம், சில பேர் செய்கிறார்கள் என்றன. சாட்டிலைட், ட்ரோன், கூடவே ஒரு வளைத்த கம்பி. ஐசக் நியூட்டன் பிறந்த தேசம்!

ஒழுங்கான கருவிக்கு வழி பிறந்ததும் ஒரு குறையிலிருந்துதான். கெர்ஹார்ட் ஃபிஷர் என்ற எஞ்சினியர் விமானங்களுக்குத் திசை காட்டும் ரேடியோ செய்துகொண்டிருந்தார். சில இடங்களில் அது தப்பாகத் திசை காட்டியது. வேறு யாராவது என்றால் பைலட்டைத் திட்டியிருப்பார். தரைக்குள் உலோகம் இருக்கிற இடத்தில்தான் தப்பு வருகிறது என்று ஃபிஷர் பிடித்துவிட்டார். 1937-இல் காப்புரிமையும் வாங்கினார். பக்-ஐ ஃபீச்சராக்கி விற்ற முதல் தலைமுறை அது.

இன்றைய கருவி இரண்டு வேலை செய்யும். ஓடுகிற மின்சாரத்தின் முணுமுணுப்பைக் கேட்கும். கூடவே ஒரு டிரான்ஸ்மிட்டரை வைத்து, மின்சாரம் ஓடாத உலோகக் குழாயிலும் சிக்னல் ஏற்றித் தடம் பார்க்கும். அப்பாடா, பிரச்னை தீர்ந்தது என்று நிமிர்ந்தால், அதற்குள் உலகமே பிளாஸ்டிக் குழாய்க்கு மாறிவிட்டது. பிளாஸ்டிக் முணுமுணுக்காது, கத்தாது, கருவியின் கண்ணுக்கே தெரியாது. ஆகவே பிளாஸ்டிக் குழாயோடு கூடவே ஒரு செப்புக் கம்பியையும் புதைக்கிறார்கள். குழாயைத் தேடுவதற்கு ஒரு கம்பி. அந்தக் கம்பி அறுந்தால்? அதைத் தேட இன்னும் எதுவும் புதைக்கவில்லை.

மேப் இருக்கிறதே என்பீர்கள். நடைபாதை ஓரத்திலிருந்து நாலு அடி என்று மேப்பில் அழகாகப் போட்டிருக்கும். நாற்பது வருஷத்துக்கு முந்தைய நடைபாதை அது. அதற்குப் பிறகு ரோட்டை இரண்டு தடவை அகலப்படுத்தியாயிற்று. குழாய் நகரவில்லை, நடைபாதைதான் வாக்கிங் போய்விட்டது. அதனால்தான் மேப்பைப் பார், கருவியை ஓட்டு, தரையில் பெயின்ட் அடி, அப்புறமும் நம்பாதே, மெஷினை இறக்குமுன் கையால் ஒரு சோதனைக் குழி தோண்டிக் குழாயைக் கண்ணால் பார் என்கிறார்கள். கடப்பாரையை ஓங்கிக் குத்தாமல் மண்வெட்டியால் பொறுமையாக. மண்வெட்டிக்கு ஆணவம் கிடையாது.

இந்தப் பாடம் சிரித்துக்கொண்டே வந்ததில்லை. 1976 ஜூன் 16, கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டி பக்கம் வெனிஸ் புல்வார்டை அகலப்படுத்தும்போது மெஷின் ஒரு பெட்ரோலியக் குழாயைக் கிழித்தது. ஒன்பது பேர் செத்தார்கள். தரையில் கலர் கலராகக் குறி போடும் வழக்கத்துக்குப் பின்னால் இது போன்ற விபத்துகள்தான் இருக்கின்றன. சிவப்பு மின்சாரம், மஞ்சள் காஸ், ஆரஞ்சு தொலைத்தொடர்பு, நீலம் குடிநீர், பச்சை சாக்கடை. அமெரிக்க ரோட்டில் இந்தக் கோலத்தைப் பார்த்தால் மார்கழி என்று நினைத்துவிடாதீர்கள்.

தோண்டுமுன் ஒரே நம்பருக்குப் போன் செய்தால் எல்லாக் கம்பெனிக்கும் தகவல் போகும் என்ற ஏற்பாட்டுக்கு 1964-இல் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டரில் பிள்ளையார் சுழி போட்டார்கள். நாடு முழுக்க 811 என்ற நம்பர் வந்தது 2007-இல். ஒரு போன் கால் பண்ண நாற்பத்துமூன்று வருஷம். இத்தனைக்கும் பெல் போனைக் கண்டுபிடித்த நாடு அது.

இவ்வளவு படித்தவர்கள் சேர்ந்து செய்ததையெல்லாம் ஒரே மண்வெட்டியில் ஓவர்டேக் செய்தவர் ஜார்ஜியா நாட்டுப் பாட்டி ஒருவர். வயது 75. 2011 மார்ச்சில் பழைய செப்புக் கம்பி கிடைக்குமா என்று மண்ணைக் கிளறினார். மண்வெட்டி ஃபைபர் கேபிளில் விழுந்தது. பக்கத்து நாடான ஆர்மீனியாவில் ஏறக்குறைய மொத்த இன்டர்நெட்டும் மணிக்கணக்கில் படுத்துவிட்டது. கேட்டால், இன்டர்நெட் என்றால் என்னவென்றே தெரியாது என்றார் பாட்டி. ஹேக்கர்கள் பல வருஷம் திட்டம் போட்டாலும் முடியாத காரியம். பாட்டிக்குக் கிடைத்த செம்பு என்னவோ பூஜ்யம். ஃபைபர் கேபிளில் சிக்னல் போவது கண்ணாடி இழையில்.

பிரிட்டனில் வருஷத்துக்குச் சுமார் 40 லட்சம் பள்ளம் தோண்டுகிறார்கள். அதில் 60,000 தடவை எதையாவது வெட்டித் தொலைக்கிறார்கள் என்கிறது அந்த நாட்டு அரசாங்கக் கணக்கு. இதற்காகவே நிலத்தடிக் குழாய், கேபிள் எல்லாவற்றையும் ஒரே டிஜிட்டல் மேப்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். வின்சர் பால் மாலில் குழாய் போட்டு இருநூறு வருஷம் கழித்து!

நாம் மட்டும் சளைத்தவர்களா? இந்தியாவில் வருஷத்துக்கு ஏறக்குறைய 10 லட்சம் தடவை ஃபைபர் கேபிள் வெட்டுப்படுகிறது, நஷ்டம் 3,000 கோடி ரூபாய் என்று மத்திய அரசே சொல்கிறது. அதற்காக 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற ஆப் வந்திருக்கிறது. எங்கே, எப்போது தோண்டப்போகிறோம் என்று அதில் பதிந்தால் அங்கே கேபிள் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போய்விடும். ஜேசிபிக்கு அட்வான்ஸ் கொடுக்கிற அன்றே அதையும் செய்துவிடுங்கள். அப்புறம், வலது பக்கம்தான் லைன் போகிறது என்று யாராவது அடித்துச் சொன்னால், தயவுசெய்து இடது பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.